சொன்னது சொன்னபடி

முதன்முதலாக அவரைப் பார்த்தது லோணாவளா லோக்கல் ரயிலில். அலுவலக வேலையாக நான் தளேகாவ் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். புனேயில் ரயிலில் தமிழில் சண்டை போடுவது ஒரு வசதி. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் எதை வேண்டுமானாலும் பேசலாம். அவர்கள் பக்கத்தில் ஒருவர் மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, தோளில் துணிப்பை, கையில் நான்காக மடித்த மராட்டிப் பேப்பர். கண் பேப்பரில்தான் இருந்தது. ஆனால் ஏறியதிலிருந்து அவர் பக்கத்தைத் திருப்பவில்லை.

தளேகாவில் அந்தத் தம்பதி இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அவரும் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“நீங்க தமிழ்தானே? சிரிப்பை அடக்கிக்கிட்டு உக்கார்ந்திருந்தீங்க, பார்த்தேன். அந்தம்மா என்ன சொன்னாங்க? ‘உங்கம்மா கண்ணை மூடினாத்தான் பீரோ சாவி என் கைக்கு வரும்’னா, ‘போய்ச் சேர்ந்தாத்தான்’னா?”

“போய்ச் சேர்ந்தாத்தான்.”

“அச்சா.” சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். “உங்களுக்கு நல்ல ஞாபகம் இருக்கு. ஞாயித்துக்கிழமை ராஸ்தா பேட் வாங்க. நாடகம் போடறோம்.” நாடகம் நடக்கும் பள்ளிக்கூடத்தின் அடையாளம் சொன்னார். கிளம்பும்போது, “நான் சிவாஜிநகர்ல இறங்க வேண்டியவன்” என்று சொல்லிவிட்டு, புனே போகும் வண்டிக்காக எதிர் பிளாட்பாரத்துக்குப் படியேறிப் போனார். அந்தச் சண்டையின் முடிவைக் கேட்பதற்காக ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

அவருக்கு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. செத்தவர்களின் குடும்பத்தாரிடம் விவரம் விசாரித்து எழுதும் பிரிவு. எப்படி இறந்தார், யார் முதலில் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மனிதர்கள் எதிரில் உட்கார்ந்தால் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தலையைக் குனிந்து, “அச்சா, பிறகு?” என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார். இரக்கப்பட மாட்டார், குறுக்கே பேசமாட்டார், புத்தி சொல்லமாட்டார். அப்படிக் கேட்பவர் ஒருவர் கிடைத்தால் மனிதன் எதைத்தான் சொல்லமாட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவருடைய நாடகக் குழுவில் நானும் சேர்ந்துகொண்டேன். அவர் வருவதற்கு முன்னால் அந்தக் குழு வருடத்துக்கு ஒருமுறை சிரிப்பு நாடகம் போட்டுக்கொண்டிருந்ததாம். மாமியார், மருமகன், காது கேட்காத சமையல்காரர். அவர் அதை நிறுத்தினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் போட்ட நாடகங்களில் வேலைநிறுத்தத்தில் வேலை போனவனும், புருஷன் அடித்துத் துரத்தியவளும், தமிழைத் தவிர வேறு மொழி தெரியாமல் கன்டோன்மென்ட்டில் பாத்திரம் தேய்க்க வந்தவளும் மேடைக்கு வந்தார்கள். முழக்கம் போடும் நாடகங்கள் அவருக்குப் பிடிக்காது. “மேடையில ஒருத்தன் கையைத் தூக்கிக் கத்தினா, கீழே இருக்கிறவன் கையைத் தட்டிட்டுப் போய்ப் படுத்துடுவான். அவன் வீட்டுல அவன் நேத்துப் பேசின பேச்சை மேடையில பேசிக் காட்டு. அன்னிக்கு அவனுக்குத் தூக்கம் வராது” என்பார்.

அவர் நாடகங்களில் எழுதிய வசனம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் யாரோ, எங்கேயோ பேசியது.

குழுவில் ஒருவர் இருந்தார், பாங்க் காஷியர். அவருடைய அப்பா திருச்சியில் இறந்துபோனார். காரியம் முடித்துத் திரும்பிய காஷியரைப் பார்க்க ஸ்டேஷனுக்கு நாங்கள் போயிருந்தோம். மொட்டைத்தலையோடு அவர் இறங்கியதும் நாங்கள் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டோம். நம்மவர் மட்டும் பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “போன்ல சேதி சொன்னதும் நீ முதல்ல பேசின வார்த்தை என்ன?” என்று கேட்டார். எனக்குக் கூசியது. ஆனால் காஷியர் யோசித்துப் பார்த்து, “‘லீவு சொல்லணுமே’ன்னு சொன்னேன் சார்” என்றார். சொல்லிவிட்டு, பதினைந்து நாளாக அழாதவர், அந்த பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதார். நான்கு மாதம் கழித்து அந்த வசனம் மேடைக்கு வந்தது. பேசியவர் காஷியரேதான். “மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சுப்பா” என்று என்னிடம் சொன்னார். அதனால்தான் எங்களுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரிடம் சொன்னவர்கள் பலரும் லேசாகித்தான் போனார்கள்.

அவருடைய மனைவி மட்டும் அவர் எதிரில் பேசமாட்டார். ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, எனக்கு அவல் போஹா கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார். “நான் இவர்ட்ட ஜுரம்னுகூடச் சொல்றதில்லை. சொன்னா மூணு மாசத்துல மேடையில வந்துடும்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குளியலறைக் கதவு திறந்த சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் உள்ளேயிருந்து, “ஏண்டி, துண்டு எங்கே வச்சே? ஆத்துல ஒண்ணுகூடக் காணலையே?” என்றார். அந்தப் பேச்சை அவர் வெளியில் பேசி நான் கேட்டதில்லை. வெளியில் எல்லோரையும்போலப் பேசுவார். அவர் பெயரைச் சொன்னாலே போதும், யாரும் அவரிடம் எந்தத் தெரு என்று கேட்கமாட்டார்கள்.

என்னிடம் கேட்டார்கள்.

நான் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் லேப் அசிஸ்டென்ட். என்னோடு என் தங்கை செல்வி இருந்தாள். சுருக்கெழுத்து, டைப்பிங் படித்துக்கொண்டிருந்தாள். லோஹேகாவ் சாலையில் ஒரு தமிழர் வீட்டு மொட்டைமாடியில் ஒற்றை அறை கிடைத்தது. வீட்டுக்காரர் ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வெள்ளை வேட்டி, திருநீறு. முதல்நாளே, “ஊர்ல எந்தத் தெரு தம்பி?” என்று கேட்டார். சிதம்பரத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் எங்களுக்குத் தெருக் கிடையாது. ஊருக்கு வெளியே இருந்தோம். நான் பெருமாள் கோயில் தெரு என்றேன். அதற்குப் பொருத்தமான ஒரு சாதியையும் சொன்னேன். ஆபீஸில் எந்தக் கோட்டாவில் சேர்ந்தேன் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே இருந்தவர்கள் மராட்டியர்கள், எங்கள் ஊர்ச் சாதிப் பெயர்கள் அவர்களுக்கு வெறும் சத்தம். பயம் தமிழர்களிடம்தான்.

வீட்டுக்காரரின் மனைவி நல்ல மனுஷி. செல்வியை ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, கல்யாணத்துக்கு எல்லாவற்றுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போவார். காலையில் மோட்டார் போட்டு, மாடியில் இருக்கும் தண்ணீர் டாங்கியின் மூடியைத் திறந்து பார்த்து, நிறைந்ததும் குரல் கொடுப்பது என் வேலை.

இரண்டாவது வருடம் அம்மா எங்களைப் பார்க்கக் கிளம்பி வந்தாள். புனே ஸ்டேஷனில் போய் அழைத்துவந்தேன். வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. அம்மா வாழ்க்கை முழுக்க அடுத்தவர் வயலில் வேலை செய்தவள். வெள்ளை வேட்டியைப் பார்த்தால் அவள் வாயில் தானாக ‘கும்புடுறேன் சாமி’ வரும். அந்த ஒரு வார்த்தை போதும். செல்விதான் வழி கண்டுபிடித்தாள். கம்பளி மஃப்ளர் ஒன்றை அம்மாவின் கழுத்தில் சுற்றினாள். தொண்டையில் புண், டாக்டர் பேசவே கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னோம். அம்மா பன்னிரண்டு நாள் பேசவில்லை. அறைக்குள் நாங்கள் மூவர் மட்டும் இருக்கும்போதுகூடப் பேசவில்லை. பழக்கம் விட்டுப்போனால் தவறிவிடும் என்று பயந்தாள். வீட்டுக்கார அம்மா காலையும் மாலையும் மிளகுக் கஷாயம் போட்டு எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார். “சூட்டோட குடிச்சிடுங்கம்மா, தொண்டை திறந்துடும்” என்பார். எந்தப் புண்ணும் இல்லாத தொண்டையில் அம்மா அந்தக் கஷாயத்தை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, இரண்டு கையாலும் கும்பிடுவாள்.

பதின்மூன்றாம் நாள் ரயிலேற்றிவிட்டேன். வண்டி நகர ஆரம்பித்தபோது அம்மா ஜன்னல் வழியாக, “இனிமே பேசலாமாய்யா?” என்று கேட்டாள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செல்வியும் நானும்கூட அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. அவரிடம் சொன்னேன். ஒரு மழைநாளில், ஒத்திகை முடிந்து, ராஸ்தா பேட்டில் ‘அம்ருததுல்ய’ என்று பலகை மாட்டிய ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். அவர், “உன் குரல்ல ஒரு இடத்துல பயம் இருக்கு. ஊர் பேரைச் சொல்லும்போது” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு மணி நேரம் நான் பேசினேன். அவர் கையில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது. நான் முடித்ததும் டீயைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

“‘பேசலாமாய்யா’வா? ‘பேசலாமாடா’வா?”

“அம்மா என்னை ‘டா’ன்னுதான் கூப்பிடும் சார். அன்னிக்கு ‘ய்யா’ன்னுச்சு.”

“அச்சா” என்றார். நோட்டை எடுக்கவில்லை. எடுக்காததால் நான் நம்பினேன்.

மூன்று மாதத்தில் நாடகம் தயாராகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பக்கங்களைக் கொடுப்பார். கடைசிப் பக்கங்கள் கைக்கு வந்தபோது நாடகத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. மகன் வேடம் எனக்கு. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம். படித்துப் பார்த்தேன், எல்லாம் நான் டீக்கடையில் சொன்னது. நேராக அவரிடம் போனேன்.

“சார், அந்த வீட்டுக்காரங்க பார்க்க வருவாங்க. என் தங்கச்சியும் வரும்.”

“ஊர் வேற, பேர் வேற. யாருக்குத் தெரியப்போறது? நீ சொல்லாம இதை வேற யாருப்பா சொல்றது?”

“கஷாயத்தையும் மஃப்ளரையும் மட்டும் மாத்திடுங்க சார்.”

“அதுக்கென்ன.” என் எதிரிலேயே பேனாவால் அடித்துவிட்டு, தேன் என்றும் காய்ச்சல் என்றும் எழுதினார். பத்து நாளும் அப்படித்தான் ஒத்திகை பார்த்தோம். என்ன நாடகம் என்று செல்வியிடம் சொல்லவில்லை. பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த வேடம் வேண்டும்.

நாடகத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. மூன்றாவது வரிசையில் வீட்டுக்காரர், அவர் மனைவி, அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு செல்வி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவாக நடித்தவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் கழுத்தில் கம்பளி மஃப்ளர். நான் திரும்பி மேடையோரத் திரைப் பக்கம் பார்த்தேன். பேனாவால் அடித்துக் காட்டியவர் அங்கே நின்றுகொண்டிருந்தார். அதற்குள் வீட்டுக்காரியாக நடித்தவர் டம்ளரோடு வந்தார். “மிளகுக் கஷாயம். சூட்டோட குடிச்சிடுங்கம்மா, தொண்டை திறந்துடும்.” அதே இழுப்பு. ‘திறந்துடும்’ என்பதில் அந்த அம்மாள் கொடுக்கும் அதே அழுத்தம். அது நானே அவருக்கு நடித்துக் காட்டியது.

எனக்கு அடுத்த வசனம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கூட்டத்தில் யாரோ விசும்புவது கேட்டது. அம்மாவாக நடித்தவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு எப்படியோ பேசினேன். கடைசி வசனம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். மூன்றாவது வரிசையிலும் எழுந்து நின்றுதான் தட்டினார்கள். செல்வி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

நாடகத்துக்குப் பிறகு பார்வையாளர்கள் கருத்துச் சொல்வது வழக்கம். வீட்டுக்காரர் எழுந்தார். “அருமையான நாடகம். அந்தக் காலத்துல இப்படியெல்லாம் இருந்திருக்கு. இன்னிக்கு யாரு சாதி பாக்கறா? நம்ம பிள்ளைங்களுக்கு இது தெரியணும்” என்றார். கைதட்டினார்கள். மேடைக்கு வந்து என் கையைக் குலுக்கினார். கட்கியிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “எங்க வீட்டுலயும் சார்...” என்று ஆரம்பித்து, மேலே சொல்லமுடியாமல் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

உள்ளே போய் அவரைப் பிடித்தேன்.

“மாத்தறேன்னு சொன்னீங்களே சார்.”

“மாத்தியிருந்தா நீ நடிச்சிருப்பே” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. “அந்த இடத்துல உன் முகத்தை நீ பார்க்கலை. ஒரு வருஷம் ஒத்திகை பார்த்தாலும் அது வராது. அந்தக் கட்கிப் பையனைப் பார்த்தியா? அவன் இன்னிக்கு அவன் வீட்டுல போய்ப் பேசுவான். தேனும் காய்ச்சலும் வச்சு நாடகம் போட்டிருந்தா அவன் வந்து உன் கையைப் பிடிச்சிருப்பானா?”

முகத்தில் போட்ட சாயத்தைக் கழுவாமலே வெளியே வந்தேன். 

செல்வி வீட்டுக்காரர்களோடு ஒரே ரிக்‌ஷாவில் திரும்பினாள். போகும்போது அந்த அம்மாள் இவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போனார்களாம். வரும்போது இருவருக்கும் நடுவில் தன் கைப்பையை வைத்துக்கொண்டார்களாம்.  நான் வந்தபோது செல்வி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அவருதான் செல்வி... மாத்தறேன்னு சொன்னாரு...”

“அவரு எழுதினாரு. பேசுனது நீதானே.”

“நடந்ததைத்தானே சொன்னேன்?”

“நடந்தது உனக்கு மட்டுமா நடந்துச்சு? மஃப்ளரைச் சுத்துனது நானு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அம்மாவைக் கேட்டியா?” சத்தம் போடவில்லை. கீழே கேட்கக்கூடாது என்று அப்போதும் மெதுவாகத்தான் பேசினாள். “பன்னெண்டு நாள் அம்மா வாயைக் கட்டுனோம். நீ ஒரே நாள்ல எல்லாத்தையும் கொட்டிட்டு வந்து கைதட்டு வாங்குற.”

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு ஆட்கள் மாடிக்கு வந்தார்கள். டாங்கியைக் கழுவ வந்திருக்கிறோம் என்று இந்தியில் சொன்னார்கள். போன மாதம்தான் கழுவியது. முழுத் தொட்டித் தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். எங்கள் வாசல் வழியாகத்தான் அது ஓடியது. ஒருவன் உள்ளே இறங்கி, பிளீச்சிங் பவுடர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தான். வெளியே நின்றவன் மூடியை எடுத்துத் தனியாகத் தேய்த்தான், கைப்பிடியை இரண்டு தடவை. வீட்டுக்காரர் படிக்கட்டின் மேல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் நின்றேன். என்னைப் பார்த்து, “மழை விட்ட காலம் பாருங்க தம்பி, பாசி பிடிச்சிடுது” என்றார். “இனிமே மோட்டார் போடற சிரமமெல்லாம் உங்களுக்கு வேணாம். நானே பார்த்துக்கறேன்.” ஒரு கடுஞ்சொல் கிடையாது. மூடியில் ஒரு பூட்டுப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

பத்து நாள் கழித்து மறுபடி மேலே வந்தார். “தம்பி, என் மச்சினன் குடும்பம் மாத்தலாகி வருது, ரூம் காலி பண்ணி...” என்று தொடங்கும்போது, விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் கிளம்பித் தலைக்கு மேலே போனது. அந்தப் பகுதியில் எல்லோருக்கும் பழக்கம். சத்தம் போகும்வரை பேச்சை நிறுத்திவிடுவார்கள். சத்தம் ஓய்ந்ததும் அவர் பேசினார். “தம்பி, என் மச்சினன் குடும்பம் மாத்தலாகி வருது, ரூம் காலி பண்ணிக் கொடுத்துடுங்க.”

நாடகம் போட்டவரைத் திட்டுவதற்காக நான் அவர் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே என்னென்ன கேட்பது என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். “உக்காரு” என்றார். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லு.”

திட்டத்தான் வாயைத் திறந்தேன். டாங்கியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிளீச்சிங் பவுடர், கைப்பிடி, பூட்டு, விமானம். ஆபீஸில் இதைச் சொல்லமுடியாது. செல்வி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். இதைக் கேட்பதற்கு உலகத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். அவரால்தான் இது நடந்தது என்பது அந்த நேரத்தில் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

“விமானம் போனதும் விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சாரா, முதல்லேர்ந்தா?”

“முதல்லேர்ந்து.”

“‘தம்பி’ங்கிறதையும்?”

“அதையும்தான்.”

“அச்சா” என்றார். இந்தத் தடவை நோட்டு அவர் முழங்கால்மேல் இருந்தது. உள்ளறையிலிருந்து அவருடைய மனைவி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த தடவை நாடகம் போட்டபோது அதில் டாங்கி இருந்தது என்று காஷியர் வந்து சொன்னார். நான் அதற்குள் குழுவிலிருந்து விலகிவிட்டேன். என் வேடத்தில் நாடகம் எழுதியவரே நடித்தாராம். நன்றாக நடித்தாராம்.

செல்வி பெண்கள் விடுதிக்குப் போனாள். தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே இருக்கிறாள். அம்மா செத்தபோது ஊருக்கு வந்தாள். நான் தலைமாட்டில் நின்றேன், அவள் கால்மாட்டில் நின்றாள். என் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. ரயிலில் ஒரு மணி நேரம்.

எனக்கும் கல்யாணம் நடந்தது. ஹடப்ஸரில் சொந்தமாக ஒரு ஃப்ளாட். எங்கள் குடியிருப்புச் சொஸைட்டியிலும் நான்கு தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களிடமும் பெருமாள் கோயில் தெரு என்றுதான் சொன்னேன். என் மகள் நித்யாவுக்கும் எதுவும் தெரியாது. தெரியவேண்டாம் என்று நானும் என் மனைவியும் பேசி முடிவு செய்ததுகூட இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இடையில் அவரைப் பற்றிக் காஷியர் எப்போதாவது சொல்வார். ரிட்டயர் ஆகிவிட்டார். மனைவி இறந்துவிட்டார். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, கடைசிவரை ஒன்றும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாராம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மகர்பட்டாவில் ஐடி வேலைக்கு வந்த பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு நாடகக் குழு ஆரம்பித்தார்கள். அவரைத் தேடிப் பிடித்து, அந்தப் பழைய நாடகத்தை வாங்கி மறுபடி போட்டார்கள். என் நம்பரை அவர்தான் கொடுத்திருக்கவேண்டும். ஒரு பெண் போன் செய்து, “சார் உங்களைக் கண்டிப்பா வரச் சொன்னார் அங்கிள்” என்றாள். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். என் மனைவிக்கு அன்றைக்கு வேலை இருந்தது. பதின்மூன்று வயது நித்யா, “டிராமாவா? நானும் வரேன்பா” என்று கிளம்பி நின்றாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

முன்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நித்யா, நடுவில் நான்.

பிள்ளைகள் திறமைசாலிகள். நல்ல விளக்கு, நல்ல ஒலி. மஃப்ளர் வந்தது. கஷாயம் வந்தது. நான் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு டாங்கிக் காட்சி. அதை நான் மேடையில் பார்ப்பது அதுதான் முதல்முறை. டாங்கிக்குள் இறங்கிய பையன் சிரிப்பாக நடித்தான். தேய்த்துத் தேய்த்துத் தலையை வெளியே நீட்டி, “ஔர் கித்னா சாஃப் கரூன், சாப்?” இன்னும் எவ்வளவுதான் சுத்தம் செய்வது ஐயா, என்றான். அரங்கம் முழுக்கச் சிரித்தது. நித்யாவும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வெளிச்சம் வந்தது. நித்யா என் தோளைத் தொட்டாள். “அப்பா, டாங்கியெல்லாம் யாராச்சும் இப்டி வாஷ் பண்ணுவாங்களா? சச்மே, நிஜமாவா?”

“நாடகம்தானேம்மா” என்றேன்.

அவர் எனக்குக் குறுக்காக அவள் பக்கம் சாய்ந்தார். “என்ன கேக்கறா பொண்ணு?”

“ஒண்ணுமில்ல சார்.”

“நீ சொல்லும்மா.”

அவள் மறுபடி கேட்டாள். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக் கேட்டுக்கொண்டார். “உங்கப்பாவைக் கேளு” என்றார். “அந்த டாங்கி பக்கத்துலதான் குடியிருந்தார்.”

நித்யா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

எழுந்து போயிருக்கலாம். அவர் என்னவோ உளறுகிறார், வயதாகிவிட்டது என்றிருக்கலாம். அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். தமிழில் ஆரம்பித்தேன். ஊருக்கு வெளியே என்றால் என்ன, சாமி என்று ஏன் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. இந்தியில் சொன்னேன். மஃப்ளர் பாட்டியுடையது என்றேன். அதைக் கட்டியது அத்தை என்றேன். இந்தியில் சொல்லும்போது அது வேறு யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. அதனால்தான் முழுக்கச் சொல்லமுடிந்தது. எங்களைச் சுற்றிலும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சொஸைட்டித் தமிழர்கள் இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளைப் பாராட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்கள்.

 நித்யா மெதுவாகக் கேட்டாள். “நம்ம பாட்டி கதையை டிராமால போட்டதாலதான் அத்தை நம்ம வீட்டுக்கு வர்றதில்லையா?”

நான் அந்தச் சொஸைட்டிக்காரர்கள் பக்கம் பார்த்தேன்.

அவர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். முன்னால் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். “எனக்குச் சரியா விழலை” என்றார். “என்னம்மா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு.”

பெரியவர் கேட்கிறார் என்று, என் மகள் இந்தமுறை அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.